வெயிலுக்கு என்ன சாப்பிடலாம்? (பழைய சோற்றுக்கு ஒரு வக்காலத்து)

செமஸ்டர் பரீட்சை, செய்முறைத் தேர்வு, அதற்கு நடுவில் வெயில் என்று மூன்று பக்கமும் அடி வாங்கியதால் ரொம்ப நாளாக எதுவும் எழுத முடியவில்லை. இந்த முறை தலைப்பு சாப்பாடு. "இவன் எதற்கு சமையல் குறிப்பு எழுதுகிறான்?" என்று நினைக்க வேண்டாம். சமையல் குறிப்பும் இருக்கிறது, ஆனால் நான் சொல்ல வந்தது அது மட்டும் இல்லை. கடைசி வரை படித்துவிட்டுத் திட்டுங்கள் :-)

நான் படிப்பது திருச்சியில். ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமம். இரண்டுமே வெயிலுக்குப் பேர் போன இடங்கள். திருச்சியில் ஏப்ரல் மாதமே ஹாஸ்டல் ஃபேன் அனல் காற்றைத்தான் சுற்றிவிடும். மே 4-ஆம் தேதி வாக்கில் கத்திரி ஆரம்பித்து 28-ஆம் தேதி வாக்கில் முடியும் என்று காலண்டரில் போட்டிருப்பார்கள். வெயிலுக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாது என்பது வேறு விஷயம். 2003-ஆம் ஆண்டு மே 31 அன்று, அதாவது கத்திரி முடிந்த பிறகுதான், சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்தது. புயல், வெள்ளம் வரிசையில் வெயிலும் சேர்ந்துவிட்டது.

ஆனால் புயல் வந்தால் வீட்டுக்குள் இருக்கச் சொல்வார்கள். வெயில் வந்தால் யாரும் வேலைக்கு லீவு தருவதில்லை. எங்கள் அப்பா கொத்தனார். அவர் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் செய்த ஒரு காரியம்

போன வருடம் மே மாதம் லீவுக்கு ஊருக்குப் போனபோது கூடப் படிக்கும் நண்பன் ஒருவனையும் கூட்டிக்கொண்டு போனேன். காலையில் அம்மா வழக்கம்போல அப்பாவுக்குத் தூக்குவாளியில் பழைய சோற்றைப் பிழிந்து போட்டு, மோர் ஊற்றி, உப்புப் போட்டு, மேலே நாலு சின்ன வெங்காயமும் ஒரு மோர் மிளகாயும் வைத்து மூடினார். நண்பன் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசியது. அவன் அந்தப் பக்கம் போனதும் அப்பாவிடம், "இன்னும் எதுக்குப்பா இதைத் தூக்கிட்டுப் போறீங்க? நான்தான் படிச்சிட்டிருக்கேன்ல, இனிமேலாவது கடையில நல்லா வாங்கிச் சாப்பிடுங்க. பாக்குறவங்க என்ன நினைப்பாங்க?" என்றேன்.

அப்பா சிரித்தார். "சரிலே, நீ சொன்னா சரிதான்" என்றார். அடுத்த நாளிலிருந்து தூக்குவாளி எடுத்துப் போகவில்லை.

ஐந்தாவது நாள் மத்தியானம் ஒரு மணிக்கு சாரத்திலிருந்து இறங்கும்போது கடைசிப் படியில் தலை சுற்றி விழுந்துவிட்டார். நல்ல வேளை, உயரம் இல்லை. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டிரிப்ஸ் ஏற்றினார்கள். அங்கே இருந்த நர்ஸ் அக்கா "காலையிலிருந்து என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். அப்பா சொன்ன பதில் இன்னும் என் காதிலேயே இருக்கிறது. "ரெண்டு வடை, ரெண்டு டீ, அப்புறம் வீட்டுக்காரங்க வாங்கிக் குடுத்த கலரு. தண்ணி மட்டும் நெறைய குடிச்சேம்மா."

(எங்கள் பக்கம் பாட்டிலில் வரும் கூல் டிரிங்க்ஸ் எல்லாமே "கலர்"தான்.)

"ஒரு செம்பு மோர்ல உப்புப் போட்டுக் குடிச்சிருக்கலாம்ல அண்ணாச்சி" என்றார் நர்ஸ். அப்பா பேசாமல் இருந்தார். "எம் மவன்தான் வேண்டாம்னான்" என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

பழைய சோற்றை விட்டதால்தான் மயக்கம் வந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். வயது, வெயில், வேலை, முந்தின நாள் தூக்கம் என்று ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆனால் எது என்ன என்று தெரியாமல் ஒரு மனுஷன் சாப்பாட்டை வெட்கப்படுத்தி மாற்றினேன் என்பது உண்மை. அதற்குப் பிறகுதான் வெயிலில் உடம்புக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். படித்ததை எழுதுகிறேன்.

"சில்"லென்று குடித்தால் உடம்பு குளிருமா?

நாம் எல்லோரும் செய்யும் முதல் தப்பு, குளிர்ச்சியான பொருள் என்றால் ஃபிரிட்ஜில் இருந்து வந்த பொருள் என்று நினைப்பது. ஒரு சின்ன கணக்குப் போட்டுப் பார்ப்போம் (இயற்பியல் மாணவர்கள் தப்பு இருந்தால் சொல்லுங்கள்).

5 டிகிரியில் இருக்கும் 300 மில்லி தண்ணீரைக் குடிக்கிறோம். அது உடம்புச் சூடான 37 டிகிரிக்கு வர வேண்டும். 300 கிராம் × 32 டிகிரி = 9,600 கலோரி. அதாவது, உணவுக் கணக்கில் சொன்னால், சுமார் 10 கிலோ கலோரி வெப்பத்தை அது உடம்பிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

அதே 300 மில்லி தண்ணீர் வியர்வையாக வெளியே வந்து, தோலின் மேலேயே ஆவியானால்? ஒரு கிராம் வியர்வை ஆவியாக சுமார் 580 கலோரி வேண்டும். 300 × 580 = 1,74,000 கலோரி. 174 கிலோ கலோரி!

பத்து எங்கே, நூற்றி எழுபத்து நாலு எங்கே? ஏறக்குறைய 18 மடங்கு. ஆக, நம்மைக் குளிர வைப்பது ஃபிரிட்ஜ் இல்லை, வியர்வைதான். மண்பானையில் தண்ணீர் ஜில்லென்று இருப்பதும் இதே கணக்குதான். பானை வியர்க்கிறது, வியர்வை காய்கிறது, உள்ளே குளிர்கிறது. கடலோர ஊர்களில் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் வியர்வை காயாமல் வழிந்து சட்டையைத்தான் நனைக்கும். அதனால்தான் சென்னையில் 38 டிகிரியே வேலூர் 40-ஐ விட மோசமாகத் தெரிகிறது.

சரி, வியர்வை நன்றாக வர என்ன வேண்டும்? தண்ணீர் வேண்டும். தண்ணீர் மட்டும் போதுமா? போதாது. இங்கேதான் எங்கள் அப்பா மாட்டிக்கொண்டார் என்று நினைக்கிறேன். வியர்வை உப்புக் கரிக்கும் அல்லவா? வெயிலில் கடுமையாக உழைப்பவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்க்கலாம். ஒரு லிட்டர் வியர்வையில் ஏறக்குறைய ஒரு கிராம் சோடியம் வெளியே போய்விடும் (இது ஆளுக்கு ஆள் மாறும்). சமையல் உப்பாகச் சொன்னால் அரை டீஸ்பூன். உப்பும் தண்ணீரும் சேர்ந்து போகும்போது தண்ணீரை மட்டும் திருப்பி ஊற்றிக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப் போகும். கால் குரக்களி பிடிக்கும், தலை சுற்றும், வாந்தி வரும்.

இப்போது கலரை எடுத்துக்கொள்ளுங்கள். 300 மில்லி கோலாவில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். டீஸ்பூன் கணக்கில் ஏழெட்டு. போன உப்பை ஈடுகட்டும் அளவுக்கு சோடியம் அதில் கிடையாது. வெயிலில் வேலை செய்பவருக்குத் தேவையானது குறைவாகவும், தேவையில்லாதது அதிகமாகவும் இருக்கும் பானம் அது. குடித்தவுடன் ஏப்பம் வரும், நாக்குக்குச் சுகமாக இருக்கும், அவ்வளவுதான். எப்போதாவது ஆசைக்குக் குடிப்பதை நான் குறை சொல்லவில்லை. நானும் குடிப்பேன். ஆனால் வெயிலில் வேலை செய்தவருக்கு அதை உபசாரமாகக் கொடுப்பது பற்றி யோசிக்க வேண்டும். அன்று அந்த வீட்டுக்காரர் கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை. மோர் கொடுத்தால் மரியாதைக் குறைவு, கலர் கொடுத்தால் மரியாதை என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தானே நினைத்தேன்?

தூக்குவாளிக்குள் என்ன இருந்தது?

இப்போது அம்மா கட்டிக்கொடுத்ததைத் திரும்பிப் பார்ப்போம். சோறு - மாவுச்சத்து. நீராகாரமும் மோரும் - தண்ணீர், கொஞ்சம் பொட்டாசியம், கொஞ்சம் புரதம். கல் உப்பு - சோடியம். சின்ன வெங்காயம், மோர் மிளகாய் - பசி எடுக்காத வெயிலிலும் வாய்க்குள் இறங்க வைக்கும் ருசி. இதை உலக சுகாதார நிறுவனத்தின் உப்பு சர்க்கரைக் கரைசலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2002-இல் திருத்தப்பட்ட அந்தக் கலவையில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட். உப்பும் மாவுச்சத்தும் சேர்ந்தால்தான் குடல் தண்ணீரை வேகமாக உறிஞ்சும் என்பதுதான் அதன் சூட்சுமம். அளவு வேறு, ஆனால் யோசனை ஒன்றுதான். நம் பாட்டிமார்கள் குடல் உறிஞ்சுதலைப் பற்றிப் படித்ததில்லை. குடித்தவன் தெம்பாக வயலுக்குப் போனான் என்று பார்த்திருக்கிறார்கள். அது போதாதா?

ஆனால் ஒரு எச்சரிக்கை. பழைய சோற்றைப் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றும் எல்லாவற்றையும் நான் நம்பவில்லை. "ராத்திரி ஊற வைத்தால் இரும்புச் சத்து இருபது மடங்கு ஆகிவிடும்" என்று ஒரு செய்தி வருடா வருடம் வரும். மூடி வைத்த பாத்திரத்துக்குள் இரும்பு எங்கிருந்து புதிதாக வரும்? புளிக்கும்போது தானியத்தில் இருக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்வது சுலபமாகலாம், அது வேறு. ஊற வைத்த சோற்றில் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் வளர்கின்றன, அது லேசாகப் புளிப்பதற்குக் காரணம் அவைதான் என்பது வரைக்கும் உறுதியானது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் குடல் நோயாளிகளுக்குப் பழைய சோறு எப்படி உதவுகிறது என்று ஆராய்ச்சியே எடுத்துக்கொண்டார்கள். நல்லதைச் சொல்ல உண்மையே போதும், பொய் வேண்டியதில்லை.

இன்னொன்று, பழைய சோறு என்றால் கெட்டுப்போன சோறு இல்லை. ராத்திரி வடித்த சோற்றை ஆறவிட்டு, கழுவின மண்சட்டியில் போட்டு, நல்ல தண்ணீர் முழுக ஊற்றி மூடி வைக்க வேண்டும். காலையில் சாப்பிட்டுவிட வேண்டும். தண்ணீர் ஊற்றாமல் சும்மா வெளியே கிடந்த சோறு வேறு, இது வேறு. நூல் விட்டாலோ, கெட்ட வாடை வந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். அப்பா பத்து மணிக்கே "கஞ்சி குடித்து" முடித்துவிடுவதற்கும் காரணம் இருக்கிறது. கத்திரி வெயிலில் அது மத்தியானம் வரை தாங்காது.

அடுப்பு இல்லாத அறைக்குச் சில யோசனைகள்

ஹாஸ்டலில் அடுப்பு கிடையாது, வீட்டிலோ அடுப்பங்கரையில் மே மாதம் நிற்கவே முடியாது. (அம்மாக்கள் நிற்கிறார்கள். அதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.) அதனால் வேக வைக்காத, அதிகம் வேலை வைக்காத சில:

1. நீர்மோர்: ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர். உப்பு, தட்டின இஞ்சி, பச்சை மிளகாய், கிள்ளிப் போட்ட கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை பெருங்காயம். நன்றாக அடித்தால் போதும். மூடி இறுக்கமான தண்ணீர் பாட்டிலில் போட்டுக் குலுக்கினாலும் வரும். என் அறையில் இதுதான் மத்து.

2. தயிர் அவல்: ஹாஸ்டல்காரனின் தெய்வம். மெல்லிய அவலைக் கழுவிப் பிழிந்து, தயிரும் உப்பும் போட்டு ஐந்து நிமிடம் வைத்தால் சாப்பாடு தயார். மாங்காய் கிடைத்தால் துருவிப் போடுங்கள். கெட்டி அவல் என்றால் கூடக் கொஞ்ச நேரம் ஊற வேண்டும்.

3. பானகம்: ராம நவமிக்கு மட்டும்தான் குடிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, சுக்கு, ஏலக்காய், எலுமிச்சம்பழச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. எங்கள் பக்கம் வெல்லத்துக்குப் பதில் கருப்பட்டி. சர்க்கரை நோய் இருப்பவர்கள் "கருப்பட்டிதானே" என்று ஏமாற வேண்டாம், அதுவும் சர்க்கரைதான்.

4. வெள்ளரிக்காய்: 95 சதவீதம் தண்ணீர். பிஞ்சாக வாங்கி உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டுச் சாப்பிட்டால் சாயங்கால பஜ்ஜியை மறந்துவிடலாம். (முழுக்க மறக்க முடியாது, கொஞ்சம்.)

5. தர்பூசணி: இதுவும் 92 சதவீதம் தண்ணீர். 2025 ஏப்ரலில் தர்பூசணியில் ஊசி மூலம் சாயம் ஏற்றுகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பி, ஜனங்கள் வாங்குவதையே நிறுத்தி, விலை விழுந்து, திண்டிவனம், மதுராந்தகம் பக்கத்து விவசாயிகள் போராடும் அளவுக்குப் போனது. பழத்தில் ஓட்டை போட்டால் அது சீக்கிரம் அழுகிவிடும், அப்புறம் எந்த வியாபாரி அதைச் செய்வான்? பயமாக இருந்தால் முழுப் பழமாக வாங்கி வீட்டில் வெட்டுங்கள். சாலையோரம் வெட்டித் திறந்து வைத்த துண்டில் ஈ உட்காருவதுதான் உண்மையான ஆபத்து.

6. சப்ஜா விதை: ஒரு ஸ்பூன் விதையைத் தண்ணீரில் போட்டால் கால் மணி நேரத்தில் வழவழவென்று ஊறி நிற்கும். நன்னாரி சர்பத்திலோ எலுமிச்சைச் சாற்றிலோ போட்டுக் குடிக்கலாம். ஊற வைக்காமல் மட்டும் விழுங்கக் கூடாது.

7. கம்பங்கூழ், கேழ்வரகுக் கூழ்: தள்ளுவண்டியில் சொம்பு சொம்பாகக் கிடைக்கிறது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லி கிராமுக்கு மேல் கால்சியம். கூழ் வண்டியில் தட்டில் வைத்திருக்கும் சுண்டவற்றல், மோர் மிளகாய், மாங்காய்த் துண்டு எல்லாவற்றையும் பார்த்தால் ஐந்து நட்சத்திர ஹோட்டல் தோற்றுவிடும்.

8. நுங்கு, பதநீர், இளநீர்: இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. அதனால் ரொம்ப வியர்த்தவர்கள் இளநீர் குடித்தாலும் கூடக் கொஞ்சம் உப்பு சேர்ந்த சாப்பாடு சாப்பிடுவது நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இளநீர் குடிக்கக் கூடாது.

நுங்கைப் பற்றி எங்கள் ஊர்க்காரன் ஒரு வார்த்தை கூடச் சொல்லாவிட்டால் ஊருக்குள் விடமாட்டார்கள். காய்க்குள் பெரும்பாலும் மூன்று கண் இருக்கும். கத்தியால் சீவிவிட்டு, கட்டை விரலை விட்டு அப்படியே உறிஞ்ச வேண்டும். அதன் தண்ணீர் சட்டையில் வடிந்தால்தான் அது நுங்கு. பதநீர் இறக்கும் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருப்பார்கள், இல்லாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். அதைப் பனை ஓலைப் பட்டையில் ஊற்றிக் குடிக்கும்போது வரும் வாசனை பிளாஸ்டிக் டம்ளரில் வராது. பனை நம் மாநில மரம். ஆனால் மரம் ஏறும் வேலைக்கு இன்றைக்கு எங்கள் ஊரில் இளவட்டம் யாரும் வருவதில்லை. விழுந்தால் உயிருக்கு ஆபத்து, வருமானம் சில மாதம்தான், மாப்பிள்ளைக்குப் பெண்ணும் கிடைக்காது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? நான் செய்ய முடிந்தது, நுங்கு விற்பவரிடம் பேரம் பேசாமல் வாங்குவது மட்டும்தான்.

இவை எதுவும் கையில் இல்லை, ஒருவர் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார் என்றால்: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. எல்லாம் தலை தட்டின ஸ்பூன். கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். மருந்துக் கடையில் வாங்கினால் உலக சுகாதார நிறுவனத்தின் கலவையா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். அந்தக் கலவைப்படி இல்லாத சர்க்கரைப் பானங்கள் எல்லாம் "ஓ.ஆர்.எஸ்." என்று பெயர் போட்டு விற்றுக்கொண்டிருந்தன. 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்படிப் போடக் கூடாது என்று உத்தரவு போட்டது. ஆள் உளறுகிறார், உடம்பு நெருப்பாய்ச் சுடுகிறது, நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நிழலுக்குக் கொண்டு போய், உடம்பை நனைத்து விசிறிவிட்டு, உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். அது சாப்பாட்டால் தீரும் விஷயம் இல்லை.

ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் "இவன் சொன்னான்" என்று உப்பை அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டாம். நான் சொல்வது வெயிலில் வியர்த்து உழைப்பவர்களுக்கு. ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு வழக்கமான சாப்பாட்டில் இருக்கும் உப்பே தாராளம்.

மெஸ்ஸில் நடந்தது

லீவு முடிந்து ஹாஸ்டலுக்கு வந்ததும் நானும் நாலு நண்பர்களும் மெஸ் கமிட்டியில் இரண்டு விஷயம் கேட்டோம். ஒன்று, மத்தியானம் ஒரு பானை நீர்மோர். இரண்டு, வாரத்தில் இரண்டு நாள் காலையில் விருப்பப்பட்டவர்களுக்குப் பழைய சோறு. ராத்திரி மிஞ்சும் சோற்றைக் குப்பையில் கொட்டுவதை நாங்களே பார்த்திருக்கிறோம்.

முதல் கோரிக்கை உடனே நிறைவேறியது. இரண்டாவதற்கு வார்டன் சிரித்துவிட்டார். "தம்பி, பழசைப் போடுறாங்கன்னு உங்க வீட்டுலேருந்தே எனக்குப் போன் வரும்" என்றார். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதும் நியாயம்தான். எங்கள் வீட்டிலிருந்தே வந்திருக்கும். பிள்ளையைப் படிக்க வைப்பதே அவன் இனிமேல் பழையது சாப்பிடக் கூடாது என்பதற்காகத்தானே?

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். பழைய சோற்றில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் "பழைய சோறு திங்கிறவன்" என்ற சொல்லில் பெரிய குறை இருக்கிறது. வேறு வழியில்லாமல் அதையே மூன்று வேளையும் சாப்பிட்ட தலைமுறைக்கு அது பசியின் அடையாளம். அந்த வலியை "பாரம்பரியம்" என்று சொல்லி அழித்துவிட முடியாது. இப்போது பெரிய ஹோட்டல்களில் மண்சட்டியில் ஊற்றி, பத்து வகைத் தொடுகறியோடு, நல்ல விலைக்கு விற்கிறார்கள். அங்கே சாப்பிட்டால் ஃபோட்டோ எடுத்துப் போடுகிறோம். சாரத்துக்குக் கீழே உட்கார்ந்து தூக்குவாளியில் சாப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். சோறு ஒன்றுதான். சாப்பிடுகிற ஆளைப் பார்த்து மரியாதையை மாற்றுகிறோம்.

அதனால் நான் கேட்பது "எல்லோரும் பழைய சோறு சாப்பிடுங்கள்" என்று இல்லை. பிடிக்காவிட்டால் அவல் சாப்பிடுங்கள், தர்பூசணி சாப்பிடுங்கள். ஆனால் வெயிலில் வேலை செய்கிறவர் எதைச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறாரோ, அதை அசிங்கமாக்காதீர்கள். உங்கள் வீட்டுக்குக் கட்டட வேலைக்கோ, குழி தோண்டவோ, பார்சல் கொடுக்கவோ யாராவது வந்தால் கலருக்குப் பதில் ஒரு சொம்பு உப்புப் போட்ட மோர் கொடுங்கள். கட்சிக்காரர்கள் பேனர் வைத்து நீர்மோர்ப் பந்தல் போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. அந்தப் பந்தல்களில் பாதி, திறப்பு விழா ஃபோட்டோவுக்கு அப்புறம் காலிப் பானையோடு நிற்பதைத் திருச்சியிலேயே பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டு வாசலில் ஒரு பானை வைத்து மே மாதம் முழுக்க நிரப்பிக்கொண்டிருந்தால் அதற்கு ஈடு எதுவும் இல்லை.

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு நாள் வீட்டில் இருந்தார். மூன்றாம் நாள் விடியற்காலையில் அவர் எழுந்திருக்கும் முன்னால் நானே தூக்குவாளியைக் கழுவி, அம்மாவிடம் கேட்டுக் கேட்டுச் சோற்றைப் பிழிந்து போட்டேன். உப்பைக் கூடப் போட்டுவிட்டேன் போல. சாயங்காலம் வந்ததும், "எப்படிப்பா இருந்தது?" என்றேன்.

"வெங்காயத்தை உரிச்சு வைக்கணும்லே, தோலோட போட்டிருக்க" என்றார்.

இந்த வருடம் உரித்துத்தான் வைக்கிறேன். உங்கள் வீட்டில் வெயிலுக்கு என்ன செய்வார்கள் என்று நீங்களும் சொல்லுங்கள். அடுத்த கட்டுரையில் சந்திப்போம். அதுவரை நிறையத் தண்ணீர் குடியுங்கள், உப்பை மறக்காதீர்கள்.